மாமியார் கட்டிடத்தை ஆட்டிப் பார்த்தவள்

அந்த ஊரில் ஒரு கட்டிடம் நல்ல பெயர் வாங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பெரிய நிலநடுக்கம் வந்த அன்று விழாமல் நின்றிருந்தால் போதும். நகராட்சி ஆள் ஏணியோடு வந்து வாசலுக்கு மேல் ஒரு பச்சைத் தகட்டை அடித்துவிட்டுப் போவார். 'தாங்கியது' என்று அதில் ஒரே வார்த்தை. அத்தோடு சரி, ஆயுசுக்கும் அந்தக் கட்டிடத்தை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள்கூடக் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் தகடு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

கணக்குப் பரீட்சையில் தேறியவனைப் பார்த்து, இவனுக்கு நீச்சலும் தெரிந்திருக்கும் என்று ஆற்றில் தள்ளிவிட்டால் எப்படியிருக்கும்? ஊரே சேர்ந்து கட்டிடங்களை அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னவள் ஒருத்திதான். அவள் நிலநடுக்கப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு 'நடுக்கம் மேடம்' என்று பெயர். வெளியே எங்கே போனாலும் பெரிய டாக்டரின் மருமகள்.

அவளுடைய மாமியாரான பெரிய டாக்டரைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. பாதி ஊரைக் காலைப் பிடித்துத் தூக்கி, ஒரு தட்டுத் தட்டி, அழவைத்து உலகத்துக்குள் அனுப்பியவர் அவர். காலையில் அரசு மருத்துவமனையின் பிரசவப் பிரிவு, மாலையில் சொந்த நர்ஸிங் ஹோம் என்று ஓடியவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும், அங்கே இருக்கும் நர்ஸுகள் அவரைக் கண்டால் இன்னமும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நேராக நிற்பார்கள். அவர்களைப் பழக்கியவர் அவர்தான்.

அவருடைய நர்ஸிங் ஹோம் ஒரே ஒரு மாடி உள்ள குட்டைக் கட்டிடம். தடித்த செங்கல் சுவர், மேலே கனத்த கான்கிரீட் தளம், சின்னச் சின்ன ஜன்னல்கள். பெரிய நிலநடுக்கத்தன்று உயரமான கட்டிடங்கள் எல்லாம் குடிகாரன் மாதிரித் தள்ளாடி, அவற்றில் இரண்டு ஆட்களோடு சேர்ந்து விழுந்தபோது, இங்கே மாமியார் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டுல இருந்த கத்தரிக்கோல்கூட நகரலை" என்பார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மருமகளிடம் சொன்னார், அதற்குப் பிறகு மருமகள் கேட்காத நாளே இல்லை.

இப்போது விஷயம் என்னவென்றால், அரசு மருத்துவமனையின் உயரமான கட்டிடத்தில் தூண்களைப் பலப்படுத்தும் வேலை ஆரம்பித்திருந்தது. மேல்மாடியில் இருக்கிற பிரசவ வார்டை, தாயும் பிள்ளையுமாக, வேலை முடிகிறவரை வேறு எங்காவது மாற்ற வேண்டும். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த இடம் பெரிய டாக்டரின் நர்ஸிங் ஹோம். பச்சைத் தகடு இருக்கிறதே, அப்புறம் என்ன யோசனை? ஆனால் அப்படி மாற்றுவதற்கு நிலநடுக்க அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவள் மருமகள். அவள் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கண்காணிப்பாளர் அவளைத் தன் அறைக்கு வரவழைத்தார். மருத்துவமனை வளாகத்தில் புதிதாகக் கட்டிய நிர்வாகக் கட்டிடம் அது. இரும்புச் சட்டங்களை முடுக்கி, மெல்லிய பலகைச் சுவர் வைத்து, மேலே தகரக் கூரை போட்ட தரைத்தளம் மட்டும். தரையில் கம்பளம், இரண்டு பக்கமும் ஏசி. அந்த வளாகத்திலேயே வெயில் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

"பெரிசோ சின்னதோ, எல்லாம் நிலநடுக்கம்தானே மேடம்? பெரிசையே தாங்கின கட்டிடம் சின்னதைத் தாங்காதா?" என்றார் கண்காணிப்பாளர்.

"பெரிசு சின்னதுங்கறது மட்டும் இல்ல சார். எங்கேருந்து வருது, எப்படி ஆட்டுதுன்னு பார்க்கணும்."

"ஆட்டறதுல என்ன விதம் விதமா?"

"இருக்கு சார்" என்று அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கடலுக்கு அடியில ஒரு பாறைத் தட்டு நம்ம நிலத்துக்குக் கீழ நுழைஞ்சு போய்க்கிட்டிருக்கு. ரெண்டும் உரசிக்கிற இடத்துல வழுக்கினா, அது ரொம்ப தூரத்துக்கு வழுக்கும். பெரிய பீரோவைத் தரையில தள்ளுற மாதிரி. நிமிஷக்கணக்கா, மெதுவா, அகலமா ஆட்டும். அன்னிக்கு வந்தது அதுதான். அந்த மெதுவான ஆட்டம் உயரமான கட்டிடத்துக்குச் சரியா ஒத்துப்போகும், அதான் விழுந்துது. குட்டையான தடிச் சுவருக்கு அது ஒத்துப்போகாது. நிலம் போனா கூடவே போகும், வந்தா கூடவே வந்துடும். அத்தையோட கட்டிடம் அன்னிக்கு ஜெயிக்கலை சார். அதை யாரும் சண்டைக்கே கூப்பிடலை."

கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் விடவில்லை. "கீழ போன அந்தத் தட்டு வளைஞ்சு, உள்ளுக்குள்ளயே உடையறதும் உண்டு. நம்ம ஊருக்கு நேர் கீழ, ஆழத்துல. அது காய்ஞ்ச குச்சியைப் பட்டுன்னு ஒடிக்கிற மாதிரி. கொஞ்ச நேரம்தான், ஆனா படபடன்னு உதறும். அந்த வேகம் ஒத்துப்போறது குட்டைக் கட்டிடத்துக்கு. எங்க கருவியில தினமும் சின்னச் சின்னதாப் பதிவாகுது. ஒரே அளவுல கடல் ஓரத்துலேருந்து ஒண்ணும் ஆழத்துலேருந்து ஒண்ணும் வந்தா, ஆழத்துலேருந்து வர்றதுலதான் வேகமான துடிப்பு அதிகம். பக்கத்து மாவட்டத்துல அப்படி ஒண்ணு பெரிசா வந்தப்போ என்ன ஆச்சு? பள்ளிக்கூடம், வீடு, எல்லாம் குட்டைக் கட்டிடம், எல்லாம் போச்சு. செங்கல் சூளையோட புகைபோக்கி மட்டும் அப்படியே நின்னுது."

"அங்கே சிமென்ட்ல கலப்படம். விசாரணைக் கமிஷனே சொல்லிடுச்சு."

"குட்டைக் கட்டிடம் அத்தனையிலும் கலப்படம், உயரமான புகைபோக்கிக்கு மட்டும் நல்ல சிமென்டா சார்?"

கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. "சரி, அப்போ வார்டை எங்கேதான் வைக்கச் சொல்றீங்க? மேல்மாடியிலேயே வச்சுக்கிட்டுத் தூணைக் குடையச் சொல்றீங்களா?"

"இங்கே வைங்க."

"எங்கே?"

"இந்தக் கட்டிடத்துல. எடையே இல்ல, இரும்புச் சட்டம் வளைஞ்சு குடுக்கும். மெதுவான ஆட்டமோ வேகமான ஆட்டமோ, ரெண்டையும் சமாளிக்கும். நீங்களும் உங்க ஆளுங்களும் கொஞ்ச மாசம் வேற எங்கயாவது உட்கார்ந்துக்கலாம்."

கண்காணிப்பாளர் தன் கம்பளத்தைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். "இதுக்குப் பச்சைத் தகடே இல்லையே மேடம்!"

"பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் கட்டினதுக்கு எப்படி சார் தகடு இருக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன், இது பரீட்சை எழுதாத கட்டிடம்" என்று அவர் எழுந்து நின்றார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கதவு வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். "உங்க வீட்டு விவகாரத்தை ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வராதீங்க. மாமியார் மேல இருக்கிற காய்ச்சலைக் கட்டிடத்து மேல காட்டுறீங்கன்னு எல்லாருமே பேசறாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வருடக்கணக்காக நிலத்தின் துடிப்பைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை எல்லாம் ஒரு வார்த்தையில் சமையலறைச் சண்டையாக்கிவிட்டார் மனுஷர். ஆண்பிள்ளை ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் கருத்து வேறுபாடு என்றிருப்பார்கள். மருமகள் சொன்னால் அது காய்ச்சல். ஏதாவது திட்டிவிட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டுவிட்டது. மாமியார் சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவன். அவன் பல் டாக்டர். ஊர்க்காரர்களை எல்லாம் வாயைத் திற வாயைத் திற என்று சொல்லியே பிழைக்கிறவன், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தால் தன் வாயைத் திறக்கவே மாட்டான்.

"என் கட்டிடம் பிள்ளைங்களைக் கொல்லும்னு சொன்னியாமே" என்றார் மாமியார்.

"அப்படிச் சொல்லலை அத்தை. ஆழத்துலேருந்து வந்தா தாங்காதுன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். அந்த மேல்மாடியில அத்தனை பிரசவம் பார்த்தவ நான். இப்போ அந்த வார்டே என் வாசலைத் தேடி வருது. இந்த வயசுல எனக்கு வேற என்ன வேணும்? அதையும் என் வீட்டுலேயே உட்கார்ந்துக்கிட்டு நீ தட்டிவிடறே."

அது கோபமாக மட்டும் இருந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். மாமியாரின் குரலில் ஏக்கம் இருந்தது. நர்ஸிங் ஹோமுக்கு இப்போதெல்லாம் யாரும் அதிகம் வருவதில்லை, பாதிக் கட்டில்கள் போர்வை போட்டு மூடிக் கிடக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். வார்டு வந்தால் அந்தக் கட்டிடம் மறுபடியும் குழந்தைகளின் அழுகையில் நிரம்பும். அதற்கு இந்த அம்மாள் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பதும் தெரியும். தெரிந்தும் அவள் இறங்கிவரவில்லை.

"உங்க ஆசைக்காக நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அந்தப் பிள்ளைங்களோட அம்மாக்களுக்கு யார் அத்தை பதில் சொல்றது?"

கணவன் தண்ணீர் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். அதில் தண்ணீர் இல்லை.

மாமியார் அவள் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட ஆட்டுற மெஷின் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவியே."

"இருக்கு."

"அதைக் கொண்டா. என் கட்டிடத்து மேல வச்சு ஆட்டு. நான் உள்ளே உட்கார்ந்திருக்கேன். என் கத்தரிக்கோல் நகர்ந்துதுன்னா நீ சொல்றதைக் கேட்கிறேன். நகரலைன்னா வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு."

"நீங்க உள்ளே இருக்க வேணாம் அத்தை. கருவி வச்சாப் போதும்."

"உன் கருவி என்ன சொல்லுமோ யார் கண்டா? என் கட்டிடம் என்ன சொல்லுதுன்னு நான்தான் கேட்கணும்."

மாமியாரை ஆட்டிப் பார்க்கப் போகிற மருமகளைப் பற்றி ஊருக்குள் பேச்சுப் பரவ எவ்வளவு நேரமாகும்? சோதனை நாளன்று நர்ஸிங் ஹோமுக்கு எதிரே இருந்த நடைபாதையில் நிற்க இடமில்லை. உள்ளே இருந்த இரண்டு தாய்மார்களைப் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த கணவனின் பல் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். பல் பிடுங்கும் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளரும் காரில் வந்து இறங்கினார்.

மெஷின் பார்ப்பதற்கு அப்படியொன்றும் பயங்கரமாக இருக்காது. மொட்டை மாடித் தளத்தில் முடுக்கிய ஒரு பெரிய இரும்புச் சக்கரம், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டிய எடைகள், சுற்ற வைக்க ஒரு மோட்டார். ஒரு பக்கம் கனமாக இருப்பதால் சக்கரம் சுற்றும்போது கட்டிடத்தை இப்படியும் அப்படியுமாகத் தள்ளும். கீழே தோட்டத்தில் ஒரு மேஜை போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அவள் கையில், ஸ்பீக்கர் போட்ட போன் மேஜை மேல். மாடியில் மெஷின்காரர் எடைகளோடு காத்திருந்தார். மாமியார் பிரசவ அறையில், தட்டில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, கையில் போனோடும் டீயோடும் உட்கார்ந்திருந்தார்.

முதலில் எடைகளையெல்லாம் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டாள். கடல் பக்கத்து ஆட்டம் மாதிரி, நிதானமாக ஒரு தள்ளு, நிதானமாக ஒரு இழுப்பு.

போனில் மாமியாரின் குரல் வந்தது. "ஆரம்பிச்சாச்சா இல்லையா?"

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு அத்தை."

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? டீ மேல ஆடைகூட அசையலை!" மாமியார் சிரித்தது தோட்டம் வரைக்கும் கேட்டது. கூட்டமும் சிரித்தது. கண்காணிப்பாளர் அவள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். அவள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். நொடிக்கு இரண்டு சுற்று, மூன்று, நான்கு. ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, மாடியில் எடைகளைக் கழற்றச் சொன்னாள். நான்கைத் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடிகள் முனக ஆரம்பித்தன. ஆறை நெருங்கியபோது கட்டிடம் முழுக்கக் கிர்ரென்று ஒரு சத்தம். நடைபாதையில் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சுவரும் தளமும் சேர்கிற இடத்திலிருந்து பூச்சு மாவு மாதிரி உதிர்ந்தது. போனுக்குள் கத்தரிக்கோல் தட்டில் கடகடவென்று தாளம் போட்டுக்கொண்டே போய்த் தரையில் விழுந்தது எல்லோருக்கும் கேட்டது.

அவள் உடனே நிறுத்தினாள்.

மாமியார் கத்தரிக்கோலைத் தரையிலிருந்து எடுக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "ஏமாத்தறே" என்றார். "வேகமா சுத்தினா எதுதான் ஆடாது? வேகமா சுத்தச் சுத்த உன் மெஷின் பலமாத் தள்ளுது, அவ்வளவுதான்."

அவளுக்கு அந்தக் கோபத்திலும் ஒரு பெருமை வந்தது. கூட்டத்தில் இருந்த ஒருத்தருக்கும், காரில் வந்த கண்காணிப்பாளருக்கும்கூடத் தோன்றாத கேள்வி அது. இந்த அம்மாள் சும்மா ஒன்றும் பெரிய டாக்டர் ஆகிவிடவில்லை.

"சரியான கேள்வி அத்தை. அதனாலதான் வேகம் கூடக் கூட எடையைக் கழற்றச் சொன்னேன். தள்ளுற பலம் ஆரம்பத்துலேருந்து ஒரே அளவுதான்."

"நான் ஏன் நம்பணும்?"

"நம்ப வேணாம். இன்னும் வேகமாச் சுத்தறேன். வேகத்தாலதான் ஆடுதுன்னா இப்போ இன்னும் அதிகமா ஆடணும் இல்லையா? கத்தரிக்கோலைத் திரும்பத் தட்டுல வைங்க."

மாடியில் எடை குறைந்தது. அவள் ஆறைச் சட்டென்று தாண்டிப் பத்துக்குப் போனாள். மெஷின் மேலே சீறியது. கட்டிடமோ அமைதியாகிவிட்டது. ஜன்னல் முனகல் நின்றது. போனில் கத்தரிக்கோலின் சத்தமே இல்லை. மெஷின்காரர்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கேட்குதா அத்தை? ஆறைவிட மெதுவா ஆட்டினாலும் சும்மா இருக்கு, வேகமா ஆட்டினாலும் சும்மா இருக்கு. அந்த ஒரு வேகத்துல மட்டும்தான் துடிக்குது. ஆழத்துலேருந்து வர்ற நடுக்கத்துல அந்த வேகம்தான் நிறைய இருக்கும். கடல்லேருந்து வந்ததுல அது சொற்பம்."

தோட்டத்தில் அவள் காத்திருந்தாள்.

"மறுபடியும் ஆறுக்கு வா" என்றார் மாமியார். "இந்தத் தடவை எல்லா எடையையும் மாட்டிக்கோ. நிஜமா வந்தா எப்படி இருக்கும்னு பார்க்கிறேன்."

"மாட்டேன்."

"ஏன்? ஜெயிச்சிட்டேங்கற திமிரா?"

"நீங்க உள்ளே இருக்கீங்க அத்தை."

"நான்தானே சொல்றேன், போடு!"

"நீங்க சொன்னாலும் மாட்டேன்! உங்க தலையில அந்தத் தளம் விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?" அவள் கத்தியது போன் இல்லாமலேயே உள்ளே கேட்டிருக்கும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பயமும் கோபமும் பாசமும் எல்லாம் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? மெஷினின் மின்சார ஒயரைப் பிடுங்கி மேஜை மேல் எறிந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் வெளியே வந்தார். தலைமுடி, தோள், மூக்குக் கண்ணாடி எல்லாம் வெள்ளைப் பொடி. கணவன் ஓடிப்போய்த் துடைக்கப் போனான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

கண்காணிப்பாளர் முன்னால் வந்தார். அவர் முகத்தில் நிம்மதி. "மேடம், ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் பூச்சு உதிர்ந்துது, அவ்வளவுதான். ஒரு விரிசல் இல்ல. தகடு இருக்கு, சோதனையும் ஆச்சு. நாளைக்கே வார்டை இங்கே மாத்திடலாம்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "உங்க கையெழுத்து இல்லைன்னா பரவாயில்ல. உங்க மேலதிகாரிகிட்ட பேசிட்டேன், அவர் போடறேன்னுட்டார்."

அவளுக்குக் காலடியில் நிலம் நழுவியது போல் ஆகிவிட்டது. இவ்வளவு ஆட்டிக் காட்டியும், கண்ணால் பார்த்தும், இந்த மனுஷருக்கு வேண்டியதுதான் நடக்கப் போகிறது. இனி அவள் ஒற்றைக் காலில் நின்றாலும் இரண்டு காலில் நின்றாலும் ஒன்றுதான்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நிதானமாகத் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இடம் தர மாட்டேன்" என்றார்.

"மேடம்?"

"என் கட்டிடம். நான் தர மாட்டேன். அவ பக்கத்துல உட்கார்ந்து மெல்லமா ஒரு திருகைத் திருகினா, உள்ளே எனக்குப் பல் கிட்டிப் போச்சு. அவகிட்ட நிறுத்தற திருகு இருந்துது, நிறுத்தினா. அடியிலேருந்து வர்றதுக்குத் திருகு யார் கையில இருக்கு, உன் கையிலயா?"

பழைய சீனியர் ஒருமையில் பேச ஆரம்பித்ததுமே கண்காணிப்பாளர் பாதியாகக் குறுகிவிட்டார். பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், முதல் பிரசவத்தைப் பார்த்துவிட்டு இவர் மயங்கி விழுந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்தவர் எதிரே நிற்கிறாரே. இருந்தாலும் பதவி என்று ஒன்று இருக்கிறதல்லவா? "அப்படின்னா வார்டு மேல்மாடியிலேயேதான் இருக்கும். எனக்கு வேற இடம் இல்ல" என்றார் விறைப்பாக.

"என் மருமக ஒரு இடம் சொன்னாளாமே."

"அது நிர்வாக அலுவலகம் மேடம்! கோப்பெல்லாம் இருக்கு!"

"ஓஹோ" என்றார் மாமியார். மகனிடம் கார்ச் சாவியைக் கேட்டு வாங்கி மருமகள் கையில் கொடுத்தார். "வண்டியை எடு."

காரில் போகும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கட்டிடத்தைப் பத்தி நீ சொன்னது சரி. அதை என்கிட்ட முதல்ல சொல்லாம அவன்கிட்ட போய்ச் சொன்னது தப்பு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை."

"போக வேணாம் அத்தை. வச்சுக்கோங்க."

"கட்டிடத்தைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும். சுவருக்கு ரெண்டு பக்கமும் கம்பி வலை அடிச்சு, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை கட்டணும். நாளாகும்."

"ஆகட்டும். வேலைன்னு ஒண்ணு இருந்தா நான் செத்துப் போயிட மாட்டேன்."

அரசு மருத்துவமனையின் உயரமான கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. துளையிடும் சத்தம் காதைப் பிளந்தது. மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. மேல்மாடி வார்டுக்குள் அவர் நுழைந்ததும் நர்ஸுகள் எல்லோரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு நேராக நின்றார்கள்.

"நடக்கக் கூடிய தாய்மார் எல்லாம் நடந்து வரட்டும். முடியாதவங்களுக்கு ஸ்ட்ரெச்சர். ஆளுக்கு ஒரு பிள்ளையா எடுத்துக்கோங்க, கையில இருக்கிற சீட்டைப் பார்த்து, அம்மாவும் பிள்ளையும் பிரியாம. படியில அவசரப்படாதீங்க" என்றார்.

தலைமை நர்ஸ் தயங்கினாள். "எங்கே டாக்டர் போறோம்? உத்தரவு வந்தாச்சா?"

"நான் சொல்றேனே, பத்தாதா?"

தலைமை நர்ஸ் ஒரு நிமிஷம் யோசித்தாள். மேலே பார்த்தாள், கூரையிலிருந்து துளையிடுகிற தூசி இறங்கிக்கொண்டிருந்தது. "பத்தும் டாக்டர்" என்று முதல் தொட்டிலுக்குப் போனாள்.

மருமகளின் கையிலும் ஒரு பிள்ளையைத் திணித்தார்கள். பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. துணிக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது அவள் கைக்குத் தெரிந்தது. நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, மேலதிகாரி என்ன எழுதுவாரோ, எல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தப் படியிலும் இறங்கியதில்லை. பின்னால் அந்தப் பிள்ளையின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். "பார்த்துப் போங்கக்கா" என்றாள். "நீ பார்த்து வாம்மா" என்றாள் இவள்.

வளாகத்தின் முற்றத்தைத் தாண்டி அந்த வரிசை நிர்வாகக் கட்டிடத்துக்குள் நுழைந்தபோது, எழுத்தர்கள் என்ன ஏது என்று புரியாமலே எழுந்து நாற்காலிகளை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒருவர் தன் மேஜையிலிருந்த கோப்புகளை எல்லாம் இறக்கி மூலையில் அடுக்கினார். அதே வேகத்தில் ஒரு பிள்ளை அந்த மேஜை மேல் போர்வையோடு படுத்துக்கொண்டது.

கண்காணிப்பாளர் அப்போதுதான் திரும்பி வந்து தன் அறையில் உட்கார்ந்திருந்தார். மாமியார் கதவைத் தட்டாமல் உள்ளே போனார். பின்னால் பிள்ளையோடு மருமகள், அவளுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் அம்மா. கம்பளத்தின் மேல் தூசிச் செருப்புத் தடங்கள்.

"என்ன இது? என்ன அராஜகம் இது?" கண்காணிப்பாளர் கத்தினார். பிள்ளை விழித்துக்கொண்டு அதைவிடப் பெரிதாகக் கத்தியது. "உங்க ரெண்டு பேர் மேலயும் புகார் எழுதப் போறேன்! மேல இருக்கிறவங்களுக்கு எழுதுவேன்! உங்க வேலை போகும்மா, தெரியுமா?"

"தெரியும் சார்" என்றாள் மருமகள். "எழுதுங்க. ஆழ நடுக்கத்தைப் பத்தி நான் சொன்னதையும் சேர்த்து எழுதுங்க. உங்க கையெழுத்துல அது இருக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்தார். நிஜமாகவே எழுத ஆரம்பித்துவிட்டார்.

மாமியார் அவருடைய சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்து மெல்லத் திருப்பினார். பிள்ளையின் அம்மாவை அருகில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தாராளமா எழுது. ஆனா வெளியே போய் எழுது. இங்கே பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம்."

கண்காணிப்பாளர் அந்தத் தாயைப் பார்த்தார். காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.